தமிழில் கர்த்தரின் சித்தம்

அண்ணனூரில் ஏறிய கூட்டத்தோடு காலை வெயிலும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டிக்குள் முண்டியடித்துக்கொண்டு ஏறியபோது, எதிரே உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: “என் படிப்பை நானே மைக்ல நிறுத்திட்டேன்டி.” அவள் கழுத்தில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை, பி.ஏ. ஆங்கிலம், மூன்றாம் ஆண்டு.

“இன்னாடி உளர்ற?” என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

“எங்க சர்ச்சுல கன்வென்ஷன் கூட்டம் நடக்குது. டெல்லிலேர்ந்து ஒரு பாஸ்டர் வந்துகீறாரு. அவரு இங்கிலீஷ்ல பேச, பக்கத்துல நின்னு நான் தமிழ்ல சொல்லணும். இங்கிலீஷ் படிக்கிற பொண்ணாச்சே!”

“சரி, அதுக்கு?”

“நேத்து திடீர்னு சொல்றாரு, பொண்ணுங்களுக்கு ஒரு டிகிரி போதும், அப்புறம் கல்யாணம்தான் கர்த்தரோட சித்தம்னு. நானும் வார்த்தை பிசகாம சொல்லித் தொலைச்சேன். மொத ஆமென் எங்கப்பாவோடது. ஊட்டுக்கு வந்ததும், ‘எம்.ஏ. வேணாம்மா, நீயே சொல்லிட்டியே’ன்றாரு!”

“அவரு சொன்னதைத்தானே நீ சொன்ன?”

“எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுடி. அவர் காதுல உழுந்தது என் குரல்தான்.” அந்தக் குரல் மின்விசிறிகளின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு எழ, வரிசையே திரும்பிப் பார்த்தது. “மூணு வருஷம் முட்டி மோதிப் படிச்சது என் கழுத்தை நானே அறுத்துக்கவா?”

“இன்னிக்குப் போவாதடி. காய்ச்சல்னு சொல்லிடு.”

“ஏன் போவாம? இன்னிக்குத்தான் கடைசிக் கூட்டம்.” பையின் ஜிப்பைச் சர்ரென்று இழுத்து மூடினாள். “அவரு இங்கிலீஷ்ல இன்னா வேணா பேசட்டும். எங்கப்பா காதுல இன்னிக்கு எம்.ஏ.தான் கர்த்தரோட சித்தம்.”