பிறிஸ்டல் காரின் குறைப் பட்டியல்

கடற்கரை ஊரில் கார் வைத்திருக்கிறவர்கள் கிழமையில் ஒரு தடவையாவது அதன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். மேலே மினுக்குவது பார்க்கிறவர்களுக்காக. கார் துருப்பிடித்து உக்குவது கீழேயிருந்துதான். திருகோணமலையில் இது தெரியாத ஆள் இல்லை. செய்கிற ஆள் என்னைத் தவிர வேறொருவரை நான் கண்டதில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று உங்கள் சார்ஜன் எழுதி வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில் நான் ஒப்பமிட மறுத்தது அடம்பிடித்து அல்ல. அதில் என்னைக் கார் புரோக்கர் என்று எழுதியிருந்தார். செய்ததைக் கோபத்தில் செய்தேன் என்றும் எழுதியிருந்தார். இரண்டும் பிழை. கேட்டதும் தாளும் பேனாவும் தந்தீர்கள், அதற்கு நன்றி. ஒழுங்காக நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் நிக்கலஸ். வயது ஐம்பத்துநான்கு. பாலையூற்றில் இருக்கிறேன். மூதூரில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பதினெட்டு வயதில் கடற்படைத் தளத்தின் களஞ்சியத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. படகோ லொறியோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது, கொடுக்கிறவர் அதன் குறைகளை இலக்கமிட்டு எழுதவேண்டும். எடுக்கிறவர் அதை அவ்விடத்திலேயே வாசித்து ஒப்பமிடவேண்டும். அதற்குப் பிறகுதான் சாவி. எத்தனை பெரிய அதிகாரியானாலும் இந்த ஒழுங்கு மாறாது. வெள்ளைக்காரரிடம் நான் படித்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

1957இல் அவர்கள் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது சில அதிகாரிகள் தங்கள் கார்களை விட்டுப் போனார்கள். நீண்ட பயணத்தை வேகமாகவும் சொகுசாகவும் ஓடி முடிப்பதற்கென்று இங்கிலாந்தில் கணக்காகச் செய்த கார்கள். ஜாகுவார், அல்விஸ், அஸ்டன் மார்ட்டின் என்று இரண்டு மூன்று வீதம். பிறிஸ்டல் ஒன்றே ஒன்று. வாங்கியவர்கள் டொக்டர்மார், இஞ்சினியர்மார், தோட்டத்துரைமார். பத்து வருடம் போனதும் அந்தக் கார்களை அதே இங்கிலாந்தில் ஆட்கள் தேடத் தொடங்கினார்கள். நான் அங்கேயுள்ள மோட்டார் சஞ்சிகை ஒன்றில் நாலு வரி விளம்பரம் போட்டேன். கடிதங்கள் வந்தன.

ஐயா, கடலுக்கு அப்பால் இருக்கிறவன் காரைப் பார்க்காமல் வாங்குகிறான். அவனுக்குக் கண் என் கடிதம்தான். ஆகவே நான் முதலில் குறைகளை எழுதினேன். எந்த இடத்தில் துரு, எத்தனை அங்குலம், எந்தக் கண்ணாடி மாற்றியது, எந்தத் திருகாணி உள்ளூரில் கடைந்தது. நல்லதைக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். பதின்மூன்று வருடத்தில் பதினொரு கார் அப்படிப் போனது. ஒருவர்கூட முறைப்பாடு செய்யவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோது காரைச் சுற்றி நடந்ததுபோல இருந்தது என்று ஒருவர் எழுதினார். அந்தக் கடிதம் என் அலுமாரியில் இருக்கிறது. எனக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. எனக்கு இருந்தது அந்தப் பேர்தான்.

றொபேட் என் தங்கை றோஸின் புருஷன். கொழும்பில் வானொலிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தவர். 77க்குப் பிறகு இறக்குமதி திறந்து அந்த வியாபாரம் படுத்ததும் ஊருக்கு வந்து என்னோடு சேர்ந்தார். நன்றாகச் சிரிப்பார். நன்றாக உடுப்பார். எந்தத் தாளையும் அரைப் பக்கத்துக்கு மேல் வாசிக்கமாட்டார்.

கப்பல் கம்பனிக் கந்தோரில் ஒரு நடைமுறை உண்டு. கப்பல் எப்போது வரும் என்று தெரியாததால், அனுப்புகிறவர் ஒப்பமிட்ட வெற்றுத்தாள் இரண்டை விட்டுப் போவார். கப்பல் வந்ததும் பெயரையும் திகதியையும் அங்கேயே தட்டச்சில் அடித்துக்கொள்வார்கள். எல்லாரும் செய்வது. நானும் செய்தேன். போன வருடம் கண் சத்திரசிகிச்சைக்காக நான் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, றொபேட் போய் அதில் ஒரு தாளை வாங்கிக்கொண்டு வந்து, என் ஒப்பத்துக்கு மேலே ஒரு ஜாகுவாரைப் பற்றிக் கடிதம் அடித்திருக்கிறார். குறைகள்: ஒன்றும் இல்லை. அப்படியே அடித்திருந்தார். காரின் அடிச்சட்டத்தில் கை விரல் போகுமளவு ஓட்டை இருந்தது. தார் பூசி மூடியிருந்தார்.

வாங்கியவர் நோர்விச் நகரத்து வயதான டொக்டர். அவர் எனக்கு இரண்டு வரிதான் எழுதினார். 'உலகத்தில் நேர்மையான ஒருவரை அறிவேன் என்று நண்பர்களிடம் சொல்லி வந்தேன். இனிச் சொல்லமாட்டேன்.' அடுத்த மாதம் சஞ்சிகைக்காரர் என் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. தபால்காரர் என் படலையில் நிற்காமல் போகப் பழகிவிட்டார்.

நான் றொபேட்டின் வீட்டுக்குப் போனேன். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். டொக்டரின் கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"மச்சான், வெள்ளைக்காரன் இனிக் கடல் நீந்தி வந்தோ உங்களைப் பிடிக்கப்போறான்? கார் போய்ச் சேர்ந்திட்டுது. விடுங்கோ."

"அது என்ர கையெழுத்து."

"கையெழுத்து நல்லாத்தான் இருந்தது. அதாலதானே வித்தது." அவருக்கே சிரிப்பு வந்தது. "நீங்கள் பொம்பிளை பார்க்கப் போன இடத்தில முதல்ல மூலவியாதியைச் சொல்லுற ஆள். அதுதான் இன்னும் தனிய இருக்கிறியள்."

குசினிக்குள் இருந்து றோஸும் சிரித்தாள். பிறகு வெளியே வந்து, "அண்ணா, அவர் விளையாட்டுக்குச் சொல்லுறார். ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்? இருங்கோ, புட்டு இறக்குறன்" என்றாள்.

நான் இருந்து சாப்பிட்டேன். கோபத்தில் செய்கிறவன் புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகமாட்டான் என்பதைத் தாங்கள் கவனிக்கவேண்டும்.

இனி அந்தப் பிறிஸ்டல். அது உவர்மலையில் ஐவி அம்மாவின் கொட்டகையில் பதினாறு வருடம் நின்றது. காலமான அவர் புருஷன் கடற்படைத் தளத்தில் இஞ்சினியராக இருந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய் அதைக் கழுவினேன். அந்தக் காரைப் பற்றி நான் எழுதிய கடிதம்தான் என் கடிதங்களுக்குள் சிறந்தது. பதினாறு பக்கம். வாங்கச் சம்மதித்திருந்த ஆளும் நோர்விச் கதை கேட்டு விலகிவிட்டார். ஐவி அம்மா களைத்துப்போனார்.

"நிக்கலஸ், உங்கட கடிதத்தை நம்பி ரெண்டு வருஷம் காத்திருந்தனான். றொபேட் இந்தக் கிழமையே எடுக்கிறன் எண்டு சொல்லுறார். நீங்களே ஓடப்பண்ணிக் குடுத்துவிடுங்கோ."

ஓம் என்றேன்.

தேயிலை ஏற்ற வந்த கப்பலில் அதை வியாழக்கிழமை ஏற்றுவதாக றொபேட் பேசியிருந்தார். என்ஜினைத் திருத்தக் கிண்ணியாவிலிருந்து அபூதாஹிர் மூன்று நாள் வந்து வேலை செய்தார். அவருக்கு இதில் எள்ளளவும் பங்கில்லை. அவரை நேற்று மறித்து வைத்தது அநியாயம். அவர் செய்ததெல்லாம் வேலைக்கு இடையில் கதைத்ததுதான். இறக்குமதி இல்லாத வருடங்களில் பிறேக் ஒயிலுக்குப் பதிலாக ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றியதைப் பற்றிச் சொன்னார்.

"அதுக்கு றப்பர் ஒண்டும் ஆகாது ஐயா. சில மடயனுகள் எண்ணெதானே எண்டு என்ஜின் ஒயிலை ஊத்துவானுகள். ரெண்டு மூணு நாளைக்கி நல்லாப் பிடிக்கும். பொறகு றப்பர் ஊதிப்போயிரும். மிதிச்சா காத்துத்தான் இரிக்கும். மௌத்துதான், உசிர் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஐவி அம்மா மத்தியானம் படுத்திருந்த நேரம், பிறேக் தொட்டியில் இருந்தது எடுக்கப்பட்டு என்ஜின் ஒயில் ஊற்றப்பட்டது. மிதித்து மிதித்துக் குழாய்களுக்குள்ளும் போகவிடப்பட்டது.

ஊற்றப்பட்டது என்று எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். அது என் முறை அல்ல. நான் ஊற்றினேன்.

அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய்ப் புதிய கடிதம் எழுதினேன். இந்தமுறை தமிழில் எழுதினேன், ஆங்கிலம் விளங்கவில்லை என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக. இருபத்தொரு குறைகள். பதினான்காவது குறை இது: 'பிறேக்கில் பிழையான ஒயில் ஊற்றப்பட்டிருக்கிறது. றப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றும்வரை இந்தக் காரை ஒரு அடி தூரமும் ஓட்டவேண்டாம். உயிராபத்து.' உயிராபத்து என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்தேன். மற்ற இருபதும் சிறியவை. ஆனால் அவையும் உண்மை.

றொபேட்டைக் கொல்ல நினைத்தேனா என்று சார்ஜன் மூன்று தடவை கேட்டார். இல்லை. அவர் என் கடிதத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாசிக்கவேண்டும் என்று நினைத்தேன். வாசித்தால் ஒன்றுமில்லை. வாசிக்காவிட்டால் அது அவர் தெரிவு. டொக்டருக்கு அவர் கொடுக்காத வாய்ப்பை நான் அவருக்குக் கொடுத்தேன். தார் பூசி மூடினவர் அவர். நான் ஒன்றையும் மூடவில்லை, கோடு இழுத்துக் காட்டினேன். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்துத் தாங்களே பாருங்கள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவர் வந்தார். பட்டியலில் ஒப்பம் வாங்காமல் நான் சாவியைக் கொடுத்தேன். முப்பத்தாறு வருடத்தில் அது முதல் தடவை. அந்த ஒழுங்கீனத்தை ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சம் தங்களுக்குத் தெரியும். உவர்மலை இறக்கத்தில் பாதி தூரத்துக்கு அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனதாகச் சொல்கிறார்கள். கீழே உட்துறைமுக வீதித் திருப்பத்தில் கற்சுவரில் காரின் இடது பக்கம் மோதியது. றொபேட்டுக்குக் கால் முறிவு. பத்திய உணவு சாப்பிட்டுக்கொண்டு, பிறேக் பிடிக்கவில்லை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறாராம். என் கடித உறை காருக்குள் உடைக்காமல் கிடந்ததாகத் தாங்களே சொன்னீர்கள். இப்போதும் உடைக்கவில்லை என்றால், ஐயா, தயவுசெய்து உடைத்து வாசியுங்கள். செத்த வீடு முடிந்தும் அதை வாசிக்க ஒரு ஆள் இல்லை.

ஒன்றைச் சார்ஜன் கேட்கவில்லை. ஐவி அம்மா வாசலில் நின்றவர், எப்படியும் சொல்லுவார். ஆகவே அதையும் எழுதிவிடுகிறேன்.

றோஸ் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. காரைக் கப்பலில் ஏற்றுவதைப் பார்க்கவென்று நீலச் சேலை உடுத்து, கைப்பையோடு வந்திருந்தாள். அம்மா சாகும்போது அவளுக்கு ஆறு வயது. நான்தான் தலை இழுத்துப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். இடது பக்கம் ஏறி இருந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இது இவ்வளவு நாள் நிண்ட கார். பயமில்லாமல் போகலாம்தானே?"

"எல்லாம் கடிதத்தில கிடக்கு. வாசிச்சுப்போட்டுப் போங்கோ" என்று உறையை நீட்டினேன்.

றொபேட் அதை வாங்கி முன்பெட்டிக்குள் எறிந்தார். "இதை வாசிச்சு முடிக்கக் கப்பல் லண்டனுக்குப் போயிடும் மச்சான்."

அப்போது நான் சொல்ல இருந்தேன். சத்தியமாக வாயைத் திறந்துவிட்டேன். அவளை இறங்கச் சொல்லியிருப்பேன், அவரையும்கூட இறங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் றோஸ் சிரித்தாள். "உங்கட கடிதத்தை ஆரண்ணா வாசிக்கிறது? வெள்ளைக்காரனும் விட்டிட்டான்" என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை.

அவள் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. நான்தான் சாத்தினேன். பிறிஸ்டல் காரின் கதவை அடித்துச் சாத்தக்கூடாது. இரண்டு விரலால் தள்ளினால் போதும், தானாகப் போய்ப் பொருந்தும்.