எல்லாருக்கும் ஒரே பெயர்

உங்கள் மேசைக்கடியில் வயர்கள் சிக்கிக் கிடக்கின்றன, ஐயா. அனுமதித்தால் பேசிக்கொண்டே பிரித்து வைப்பேன். ஒழுங்கில்லாத இடத்தில் எனக்கு வார்த்தை வராது.

அந்த மருத்துவமனைக்கு நான் போனபோது அங்கே கணினிகள் இருந்தன, நிர்வாகம் இல்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒவ்வொரு கடவுச்சொல். மருந்து அலமாரிக்கு இன்னொன்று. பிரசவ வார்டில் அதைத் தாளில் எழுதித் திரையிலேயே ஒட்டியிருந்தார்கள். நர்ஸுகள் எல்லாரும் 'வார்டு' என்ற ஒரே பெயரில்தான் உள்ளே நுழைவார்கள். ஊசியை எடுத்தது யார் என்று கேட்டால் 'வார்டு' எடுத்தது என்று பதில் வரும். சுவர் எழுந்து வந்து ஊசி எடுத்ததாம்.

நிலவறையில் ஒரு யூனிக்ஸ் இயந்திரத்தை வைத்து அதில் டைரக்டரி சர்வரை நிறுவினேன். யார் யார் வேலை செய்கிறார்கள், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று ஒரே இடத்தில் வைத்திருந்து சொல்லும் சர்வர் அது. மரத்தைப் போல அடியிலிருந்து கிளை பிரித்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் இலை வைத்தேன். ஒருவருக்கு ஒரு பெயர். கடவுச்சொல் நீளமாக, எண்ணும் குறியும் கலந்து இருக்க வேண்டும். மூன்று தடவை தப்பாகத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். அதன் அழகைப் பெரிய டாக்டருக்கு விளக்கினேன். கொட்டாவி விட்டார். "எல்லாம் சரிப்பா, 'வார்டு'ங்கிற பேரை மட்டும் தொடாதே. அவசரத்துல அவங்களுக்கு அது சுலபம்" என்றார்.

சுலபம். படித்த மனிதர் பேசுகிற பேச்சா அது?

அலமாரிக்கு ஓர் இரும்புச் சாவியும் உண்டு. அது நர்ஸுகளிடம் இருந்தால் சர்வர் எதற்கு? வாங்கி என்னிடம் வைத்துக்கொண்டேன். சொந்தப் பெயருக்கு மாறும்படி எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. நேரில் போய்ச் சொன்னபோது தலைமை நர்ஸ் சிரித்தாள். "போ தம்பி, எங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அடியாத மாடு படியாது என்பது மட்டும் புரிந்தது.

ஒரு பிற்பகல், வார்டு நிறைந்திருந்த வேளை பார்த்து, 'வார்டு' என்ற பெயரை நீக்கினேன். ஆளில்லாத நேரத்தில் நீக்கினால் யார் பாடம் கற்பார்கள்?

சற்று நேரத்தில் போன் வந்தது. தலைமை நர்ஸ்தான்.

"தம்பி, அலமாரி திறக்கல. பிள்ளை பெத்த பொண்ணுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. ஊசி உள்ள இருக்கு."

"உங்க சொந்தப் பேர்ல உள்ள போங்க, சிஸ்டர். மெயில்ல இருக்கு."

"மெயில் பார்க்கிற நேரமாப்பா இது? திறந்து விடுப்பா!"

பொறுமையாக அவளுடைய பெயரைச் சொன்னேன், முதல் கடவுச்சொல்லையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவள் தட்டுவது என் திரையில் தெரிந்தது. தவறு. மறுபடி தவறு. கையுறையோடு தட்டியிருப்பாள், அதில் ஈரம் வேறு. மூன்றாவதும் தவறு, பூட்டிக்கொண்டது. என் சர்வர் ஓர் இம்மிகூடப் பிசகவில்லை. அதைப் பார்க்க நிறைவாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள்.

அடுத்த கட்டிடத்து மருந்தகத்துக்கு ஆள் ஓடினான். அந்தப் பெண்ணின் புருஷன் என்னிடம் ஓடி வந்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"அண்ணே, சாவி உங்ககிட்ட இருக்காமே. குடுங்கண்ணே. உங்க கால்ல விழறேன்."

விழவும் செய்தான். அறிமுகமில்லாத ஆளிடம் மருந்து அலமாரிச் சாவியைக் கொடுப்பது எந்த ஊர் முறை? பெரிய டாக்டரை எனக்குப் போன் செய்யச் சொல் என்றேன். அறுவை அறையில் இருக்கிறவர் எப்படிப் போன் செய்வார்? அது எனக்கும் தெரியும். சாவி என் முழங்கால் இடிக்கும் இழுப்பறையில் இருந்தது. எழுந்திருக்கக்கூட வேண்டாம், இழுத்தால் போதும். மறைக்க என்ன இருக்கிறது? பெயரைத் திரும்பச் சேர்க்கும் கட்டளையையும் திரையில் தட்டி வைத்திருந்தேன். ஒரு பொத்தான் மிச்சம். தலைமை நர்ஸ் இறங்கி வந்து என்னிடம் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. அந்தப் பெண்ணின் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாளாம்.

மருந்தகத்திலிருந்து ஊசி வந்தபோது போட்டுக்கொள்ள அந்தப் பெண் உயிரோடு இல்லை.

மறுநாள் காலை அத்தனை நர்ஸும் என் அறை வாசலில் வரிசையில் நின்று சொந்தப் பெயர் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. இன்று போய்ப் பாருங்கள், எந்தத் திரையிலும் தாள் ஒட்டியிருக்காது. எந்த ஊசியை எந்தக் கை எடுத்தது என்று கேட்டால் ஆள் பெயரோடு பதில் வரும்.

நான்தான் செய்தேன், ஐயா. தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் குழந்தை நன்றாக இருக்கிறது. அதற்காவது எனக்கு ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை.