விசில் ஊதும்வரை

காலை ஏழு மணிக்கு எழுகிறேன். காபி போடுகிறேன். ரொட்டியை வாட்டி, தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தின்கிறேன். இடது முழங்காலுக்குக் கட்டுப் போடுகிறேன். ஒன்பதரைக்குப் பயிற்சி. கால்பந்து இரண்டாம் டிவிஷனில் இது மூன்றாவது வருடம். நடுக்கள ஆட்டக்காரன். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவன் என்று எழுதுகிறார்கள். குறைப்பதில்தான் கெட்டிக்காரன்.

இங்கே வந்தது ஒரு ஜூன் மாத ஆட்டத்தால். அரகோன் மலையிலுள்ள எங்கள் ஊர் கிளப், மேல் டிவிஷனுக்கு ஏறுமா என்பதை முடிவுசெய்யும் ஆட்டம். எனக்கு இருபத்தேழு வயது. என்னைப் பார்க்க ஒரு பெரிய கிளப்பின் ஆள் வந்திருந்தார். அந்த வயதுக்கு மேல் யாரும் வரமாட்டார்கள்.

அந்த மாதிரி ஆட்டங்களுக்கு மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். அது கிளம்பினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். எங்கள் ஊரில் இருந்தது ஒரே வண்டி.

இடைவேளையில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். கோல் என்னுடையது. எங்கள் கைபேசிகளை வாங்கி வைத்திருந்த அணிப் பொறுப்பாளர் பாஸ்குவால் என்னுடையதை நீட்டினார்.

"உன் வீட்டுக்காரிப்பா. மூணாவது தடவை அடிக்கிறா. கோலுக்கு முத்தமா இருக்கும், சீக்கிரம் வாங்கிக்க."

என் மனைவி ஹிமேனாவுக்கு ஆஸ்துமா. மூச்சு வரவில்லை என்றாள். பம்ப் அடித்தாயா என்று கேட்டேன். அடித்திருந்தாள். மேலும் ஒன்று சொன்னாள். சரி என்றேன். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு இப்படி வந்து தானே அடங்கியதும் உண்டு.

எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் எஞ்சின் உறுமியது. எதிரணிக்காரன் ஒருவனின் தோள் என்மேல் உரசியது. விழுந்தேன்.

"நாடகத்துல போய் நடிடா, எழுந்திரு!" என்று எதிரணி ரசிகர்கள் கத்தினார்கள்.

மருத்துவ உதவியாளர் ரமிரோ ஓடிவந்து மண்டியிட்டார். என்னைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர்.

"இன்னைக்கு எந்த எலும்புடா, சவுல்?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "விளையாடாத. மேட்டுத் தெருவுல யாருக்கோ மூச்சு முட்டுதாம். நான் போகணும். நெஜமாவே வலிக்குதா?"

எங்கள் வீடு மேட்டுத் தெருவில். அங்கே நாற்பது வீடுகள் உண்டு. வேறு யாராகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கல்லூரியில் பிசியோதெரபி படித்தவன். எதைச் சொன்னால் அவர் என்னை விட்டு நகர முடியாது என்று எனக்குத் தெரியும்.

"கழுத்து. விரலெல்லாம் மரத்துப்போச்சு."

"அசையாத ராசா" என்றார். கழுத்துப் பட்டை மாட்டினார். மேட்டுத் தெருவுக்கு வேறு வண்டி அனுப்பும்படி ரேடியோவில் சொன்னார். அது பக்கத்து நகரத்திலிருந்து வர முப்பத்தெட்டு நிமிடம். என்னைப் பலகையில் வைத்துக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோனார்கள். எனக்குப் பதில் இன்னொருவன் இறங்கினான். ஆட்டம் தொடர்ந்தது. ரமிரோ என் கைகளைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். வலது கை சரியானபோது இடது கை மரத்தது. வண்டியில் ஏற்றவா என்றார். கொஞ்சம் பொறுங்கள், குறைகிறது என்றேன்.

கடைசி விசில் ஊதியதும் எழுந்து உட்கார்ந்தேன்.

ரமிரோ என் முகத்தைப் பார்த்தார். வண்டிக்கு ஓடினார். மேட்டுத் தெரு நான்கு நிமிடத் தொலைவு. அவர்கள் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஹிமேனா கதவைத் திறந்துவைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

என்னை யாரும் விசாரிக்கவில்லை. ரமிரோவும் வாய் திறக்கவில்லை. ஊருக்குப் போகும்போது என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று ஒரு நிருபர் கேட்டார். "நீ விளையாடு" என்று சொன்னாள் என்றேன். அது பொய்யில்லை. இப்போது ரசிகர்கள் அதைத் துணியில் எழுதிப் பிடிக்கிறார்கள். நான் அவர்களுக்குக் கைதட்ட வேண்டும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

அவள் சொன்னது முழுதும் இது:

"நீ வர வேணாம், சவுல். நீ விளையாடு. அந்த வண்டிய மட்டும் அனுப்பு."