புனர்பூசத்தில் ஒரு கேரன்

“கேரன்னு மட்டும் நான் சொல்லவே மாட்டேன் அண்ணி!”

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அண்ணியும் நாத்தனாரும். அண்ணி மடியில் பெண் குழந்தை தூங்கியது. நாளைக்குப் பேர் வைக்கிறார்களாம். அத்தைக்காரிதான் காதில் பேரைச் சொல்ல வேண்டும்.

“ஏன்டி? புனர்பூசத்துக்கு ‘கே’லதான் வைக்கணும்னு ஐயர் சொல்லிட்டாரு. கேக்குல எழுதக்கூட சொல்லியாச்சு.”

“நான் வேல செய்ற ஹோட்டல்ல, சும்மா சும்மா சண்ட புடிக்கிற வெள்ளக்காரிய மத்த வெள்ளக்காரங்க ‘கேரன்’னு சொல்லித்தான் சிரிக்கிறாங்க. அந்த மாதிரி பொம்பளைங்களுக்கு அதான் பட்டப்பேராம்.”

“அப்படி என்னதான் செய்வாளாம்?”

“சுடுதண்ணி வரலேன்னா போதும், ‘மேனேஜரக் கூப்பிடு’ன்னு கத்துவா.”

அண்ணி குழந்தையை மடியில் சரியாகக் கிடத்திக்கொண்டாள்.

“நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல பச்சத்தண்ணி வந்தே ரெண்டு மாசமாச்சு. தொரையக் கூப்பிடுன்னு சொல்ல ஒரு ஆளு இருக்கா? ஒங்கண்ணன் தொரையோட ஜீப்பப் பாத்தாலே தேயிலைக்குள்ள எறங்கிடுறாரு. இந்தப் பேரே இருக்கட்டும். நீ சத்தமாவே சொல்லு.”

“ஐயோ அண்ணி, நம்ம எறங்குற எடம் போயிருச்சு!” என்றாள் நாத்தனார், அண்ணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அது நான் இறங்க வேண்டிய இடமும்தான். நானும் கொண்டக்டரின் முதுகைப் பார்த்து இருமிக்கொண்டிருந்தேன்.

அப்போது குழந்தை விழித்து வீறிட்டாள். டிரைவர் பதறிப் பிரேக் போட்டார்.

அவள் தயவில் நானும் இறங்கிக்கொண்டேன்.