ஞானதாசனுக்க உறக்க மருந்து

சத்தியபாய்: அனங்காம தலைய நேரா வச்சிட்டு இருங்க. மஞ்சளு அரைச்சது கண்ணுக்குள்ள வடியும்... நெத்தி எப்பிடி வீங்கிக் கெடக்கு பாத்தியளா?

ஞானதாசன்: மெதுவாட்டி... ஸ்டியரிங்குல முட்டினது. எரியுது.

சத்தியபாய்: எரியட்டும். பஸ்சுல இருந்த ஆளுகளுக்கு?

ஞானதாசன்: ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. தோவாளை வளைவுல ரோட்ட விட்டு வயலுக்குள்ள எறங்கிட்டு. சேறு பிடிச்சு நிறுத்தினதுனால தப்பிச்சோம். பூக்காரிகளுக்க கூடைதான்... பிச்சிப்பூவு பூராவும் வயல்ல.

சத்தியபாய்: அதுக வாயில என்னெல்லாம் வாங்கிக் கெட்டினியளோ!

ஞானதாசன்: ஒருத்தி மட்டும் சொன்னா... பட்டாளத்துல லாரி ஓட்டின மனுசன்னு நம்பில்லா ஏறினோம்னு.

சத்தியபாய்: அவ சொன்னதுல என்ன தப்பு? இத்தன வருசத்துல ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்தினது உண்டா? இன்னைக்கு மட்டும் எப்பிடி?

ஞானதாசன்: கண்ணு அசந்துட்டு.

சத்தியபாய்: அசந்துட்டா? ராத்திரி பூரா ஒறங்கப்பட்ட ஆளுக்கா?

ஞானதாசன்: வெயிலு...

சத்தியபாய்: காலத்த எட்டு மணிக்கு என்ன வெயிலு? ஒறக்க மருந்து போதல்லன்னு சொல்லுங்க. நெய்யூரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு நட கூடுதலா போலாம்லா. அந்த நர்சம்மா வழி பாத்துட்டு இருப்பா.

ஞானதாசன்: தொடங்கிட்டியா?

சத்தியபாய்: நான் என்னத்த தொடங்கினேன்? தேவகனியாம் தேவகனி! அவளப் பாக்கப் போற அன்னைக்கு மொகத்த வழிச்சு, வெள்ள வேட்டி கெட்டி... குப்பிய சாம்பலு போட்டு நாலு தடவ தேய்ச்சு கழுவுதிய. இந்த வீட்டுல ஒரு செம்பு கழுவினது உண்டா?

ஞானதாசன்: அழுக்குக் குப்பி கொண்டு போனா மருந்து ஊத்தமாட்டாவட்டி. எல்லாரும் கழுவித்தான் கொண்டு போறாவ.

சத்தியபாய்: எல்லாருக்கும் குப்பியில அளவு கடுதாசிய அவளே வெட்டி ஒட்டுதாளோ?

ஞானதாசன்: பின்ன? ஒரு நேரத்துக்கு எவ்வளவுன்னு தெரியாண்டாமா?

சத்தியபாய்: தெரியட்டும். நம்ம ததேயுஸ் அண்ணனுக்க இருமல் குப்பிய பாத்தேன். அருவா வச்சு வெட்டினது மாதிரி கடுதாசி. உங்களுக்கு மட்டும் பல்லு பல்லா, எம்புட்டு அழகு... நூலுல லேசு பின்னினது மாதிரி!

ஞானதாசன்: லேசுன்னு ஏன் சொல்லுத?

சத்தியபாய்: ஏன், சுடுதா? மூணு மாசம் இருந்து பின்னினேன். காலருக்கு வச்சு தைக்கப்பட்ட லேசு. மிஷன் அம்மாவே கேட்டும் குடுக்கல்ல, நமக்குன்னு வச்சிருந்தேன். பெட்டிக்குள்ள இருந்தத காணல்ல. சபைக் கூட்டத்துல பாக்கேன்... அவளுக்க கழுத்துல இருக்கு!

ஞானதாசன்: பைசா வாங்கமாட்டேன்னுட்டாட்டி. வெறுங்கையோட எத்தன நாளு போவ? அதான்...

சத்தியபாய்: அதான் எனக்க கண்ண அவிச்சு அவளுக்குப் பொட்டு வச்சிய.

ஞானதாசன்: இஞ்ச பாரு. பஸ்ரா சண்டையில இருந்து வந்து பதினொரு வருசம். என்னைக்காவது ஒரு ராத்திரி அலறாம கெடந்திருக்கனா? அந்த மருந்து குடிச்ச பெறகுதான் கனவுல பஸ்ரா வராம இருந்துது. அதுக்கு ஒரு முழம் லேசு பெருசா?

சத்தியபாய்: அதுதான்... அதுதான் எனக்கு வேவுது!

ஞானதாசன்: எது?

சத்தியபாய்: பதினொரு வருசம் யாரு பிடிச்சா உங்கள? நெஞ்ச தடவி விட்டது யாரு? சங்கீதம் படிச்சு தொண்ட வத்தினது யாருக்கு? எனக்க கைக்குப் போவல்ல. எனக்க செபத்துக்குப் போவல்ல. அவ ஒரு குப்பி தந்தா... போயிட்டு! அப்ப நான் யாருங்க இந்த வீட்டுல?

ஞானதாசன்: மருந்துட்ட பொறாமப்படப்பட்ட ஒருத்திய இப்பந்தான் பாக்கேன்.

சத்தியபாய்: சக்களத்தி குப்பிக்குள்ள இருந்து வந்தா பின்ன எதுட்ட பட?

ஞானதாசன்: சிரிக்க வைக்காத... நெத்தி இழுக்குது.

சத்தியபாய்: நான் சிரிக்கவா சொன்னேன்?

ஞானதாசன்: இல்ல. சிரிக்கப்பட்ட நேரமும் இல்ல. முதலாளி சாயங்காலம் வரச் சொல்லியிருக்காரு. காரணம் கேப்பாரு. ஒறக்கம்னு சொன்னா வண்டிச் சாவி கைக்கு வராது. இந்தப் பக்கத்துல வேற எவனும் எனக்கு வண்டி தரமாட்டான்.

சத்தியபாய்: நெய்யூரு மருந்து குடிக்கேன், சரியாப் போவும்னு சொல்லுங்க.

ஞானதாசன்: குடிச்சிட்டுத்தானே வயலுக்குள்ள எறக்கினேன்? நேத்தும் நீதானே ஊத்தித் தந்த?

சத்தியபாய்: நான் ஒண்ணு சொன்னா அடிப்பியளா?

ஞானதாசன்: ஏட்டி, என்னைக்கு அடிச்சிருக்கேன்?

சத்தியபாய்: குப்பியில இருந்தது... மருந்து இல்ல.

ஞானதாசன்: ம்.

சத்தியபாய்: பத்து நாளா. அந்த லேச பாத்துட்டு வந்த அன்னைக்கே குப்பிய வாழ மரத்து மூட்டுல கவுத்திட்டேன். மருந்து உப்புக் கரிக்கும்னு சொன்னியல்லா? கல்லுப்பு கலக்கி, அவ ஒட்டின கடுதாசி வரைக்கும் ஊத்தி வச்சேன். கர்த்தாவே... பஸ்சு நெறைய ஆளு இருந்திருக்கே!

ஞானதாசன்: அழாத. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல்ல.

சத்தியபாய்: உப்புத் தண்ணியக் குடிச்சிட்டு நீங்க ஒறங்கினிய. விடிஞ்சப்ப எனக்கு காலு தரையில பாவல்ல. அவளும் வேண்டாம், அவளுக்க மருந்தும் வேண்டாம், நான் போதும்னு... கெணத்தங்கரையில பாடிட்டே தண்ணி கோரினேன்.

ஞானதாசன்: கேட்டேன்.

சத்தியபாய்: இப்பமே நெய்யூருக்குப் போறேன். நடந்ததச் சொல்லி மருந்து வாங்கிட்டு வாறேன். முதலாளிட்ட நானே வந்து சொல்லுதேன், குத்தம் எனக்கதுன்னு.

ஞானதாசன்: தேவகனி மொகத்துல முழிப்பியா?

சத்தியபாய்: முழிப்பேன். காலுலயும் விழுவேன். எந்திச்ச பெறகு லேச திருப்பிக் கேப்பேன்.

ஞானதாசன்: அது சரி!

சத்தியபாய்: இருங்க... உப்புத் தண்ணிக்கே நல்லா ஒறங்கினியல்லா? பின்ன இன்னைக்கு எப்பிடி கண்ணு அசரும்?

ஞானதாசன்: குப்பிய எடு. நேரமாச்சு.

சத்தியபாய்: சொல்லுங்க.

ஞானதாசன்: ...மொத மடக்குலயே தெரியும். மருந்துன்னா பொறவு நாக்குல ஒரு கசப்பு நிக்கும். இது மீன்கொழம்பு மாதிரி இருந்துது.

சத்தியபாய்: தெரிஞ்சா குடிச்சிய? ஏன்?

ஞானதாசன்: நீ மூச்சு விடாம எனக்க மொகத்தையே பாத்துட்டு நின்ன. கல்யாணத்தன்னைக்குப் பொறவு அப்பிடி நீ பாத்தது இல்ல.

சத்தியபாய்: அப்ப... பஸ்ரா?

ஞானதாசன்: அன்னைக்கே வந்துட்டு. லாரி நெறைய காயம்பட்ட ஆளு... திரும்பிப் பாத்தா ஒருத்தனும் மிண்டல்ல, ஒருத்தனுக்கும் உசிரு இல்ல. அலறலு வெளிய கேக்காம துண்ட வாயில திணிச்சிட்டு கெடந்தேன். பொறவு கண்ண மூடல்ல. மூடினாத்தானே வரும்? பகலு வண்டி நிக்கப்பட்ட நேரத்துல கொஞ்சம் தலைய சாய்ப்பேன்.

சத்தியபாய்: பொய்! பத்து ராத்திரியும் நீங்க கொறட்ட விட்டது எனக்க காதுல கேட்டுது. அந்தச் சத்தத்துலதான் நானே நிம்மதியா ஒறங்கினேன்... பதினொரு வருசத்துல மொத தடவையா.

ஞானதாசன்: அதான் ஏட்டி... நிறுத்தினா நீ முழிச்சிருவியேன்னு, விடியுத வரைக்கும் விட்டுட்டே கெடந்தேன்.