கோபுரத்து மேல தவக்களை

ஜெரி: இரு இரு... பேசாத. தவக்களை பாலத்து மேல கீது.

மொஹ்சின்: நான் எங்கடா பேசினேன்? ரிப்பேருக்கு வந்த போனைப் பிரிச்சுகினு கீறேன்.

ஜெரி: மூச்சு வுடுற சத்தம் கேக்குது.

மொஹ்சின்: அதையும் நிறுத்திடவா?... ஏய், குதி! பலகை நவுருது பாரு!

ஜெரி: ஐயோ... ஆங், நின்னுடுச்சு.

மொஹ்சின்: ஸேவ் பண்ணு, ஸேவ் பண்ணு!

ஜெரி: வேணாம்.

மொஹ்சின்: இன்னாது, வேணாமா? படிக்குப் படி ஸேவ் பண்ற ஆளு நீ. வுழுந்தா மொதல்லேர்ந்து ஆடணும்.

ஜெரி: ஆடுறேன். இஸ்கூல் படிக்கசொல்ல கல்மண்டபம் வீடியோ கேம் கடைல இதே கேமுதான ஆடினோம்? அப்ப எங்க இருந்துச்சு இந்த நெனச்ச எடத்துல ஸேவ் பண்றதெல்லாம்?

மொஹ்சின்: அது நெஜ மிசினு. இது எமுலேட்டர் மாமு. பழைய மிசினு உள்ள கீதுன்னு லேப்டாப்பை நம்ப வெக்கிற சாமான்.

ஜெரி: மொதல்ல எங்க நம்புச்சு? பாட்டு விக்கி விக்கி வந்துச்சு. குதிக்கிற பட்டனை அமுக்கினா ஒதச்சுது.

மொஹ்சின்: அதை சரி பண்றதுக்குள்ள எனக்கு இன்னா பேஜாரு தெரியுமா?

ஜெரி: தெரியும்... கேமராவத் திருப்பு. இல்ல, நானே திருப்புறேன்... எம்மாம் ஒசரம்டா!

மொஹ்சின்: வேணான்னா நிறுத்திடு. டீ சொல்றேன்.

ஜெரி: மொத நாளு இந்தப் பாலத்தைப் பாத்துட்டுதான ஜாய்ஸ்டிக்கைப் போட்டுட்டு வெளிய ஓடினேன்? வாந்தி எடுக்க.

மொஹ்சின்: பிரியாணி ஒத்துக்கலன்னு சொன்ன.

ஜெரி: நீயும் ஆமான்னு தலையாட்டின. கப்பல்லேர்ந்து கன்டெய்னர் எறக்குற கிரேன்ல பத்து வருசம் ஓட்டினவன், பொம்மைப் பள்ளத்தைப் பாத்து வாந்தி எடுத்தான்னா யார்கிட்ட சொல்றது?

மொஹ்சின்: கிரேன்ல அன்னிக்கு அடிச்ச காத்து அப்டிடா. கேபின் ஆட, லிப்டும் நின்னுபோய், தனியா மேல மாட்டிகினு கெடந்த. எவனுக்கா இருந்தாலும் பயம் புடிக்கும்.

ஜெரி: அப்புறம் கீழ ஹார்பர் கேட்டுல வேலை போட்டாங்க. எல்லாரும் புத்தி சொன்னாங்க. சாராகூட, "கீழ கேட்டு வேலையே போதும், வுட்டுடுங்க"ன்னுச்சு. பொண்டாட்டி ஆச்சே, பயம் இருக்கும். நீ ஒருத்தன்தான் ஒண்ணும் சொல்லல. "இந்தக் கோபுர ஸ்டேஜு எனக்கு வரமாட்டேங்குது, வந்து ஆடிக் குடுடா"ன்ன.

மொஹ்சின்: வரலதான...

ஜெரி: அடப்பாவி! போன வாரம் நான் டீ வாங்கப் போனப்ப, போனைத் தோள்ல இடுக்கிகினு பேசிகினே இதே கோபுரத்து உச்சில தவக்களைய ஏத்தின. கண்ணாடி வழியா பாத்தேன்.

மொஹ்சின்: தெரிஞ்சப்புறமும் ஏன்டா டெய்லி வந்த?

ஜெரி: வேண்டியிருந்துச்சு. இங்க வுழுந்தா நீ சிரிப்ப, மறுபடி ஆடுன்னுவ. மத்தவங்கல்லாம் பாவம்னு பாத்தாங்கடா.

மொஹ்சின்: கண்ணக் கலங்க வெக்காத, கைல சூடா சால்டரிங் கம்பி கீது... டேய் டேய், கடைசிப் படி! பள்ளத்தைப் பாக்காத, தவக்களையோட நிழலைப் பாரு. அது படில வுழுந்தா தவக்களையும் படிலதான் நிக்கும்.

ஜெரி: தெரியும்... இரு... இரு... ஆங்!

மொஹ்சின்: யா அல்லா! ஏறிட்டான்! கொடியப் புடிச்சுட்டான்!

ஜெரி: தேங்க்ஸ்டா மொஹ்சின்.

மொஹ்சின்: ச்சீ, இன்னாடா புதுசா தேங்க்ஸு... கேளு, கோவப்படாத. நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு கிரேன்ல கொஞ்சம் ஏறிப் பாரேன். ரெண்டு படி போதும். நானும் கடைய சாத்திட்டு ஹார்பர் கேட்டு வரைக்கும் கூட வரேன்.

ஜெரி: நாளைக்கு வேணாம்.

மொஹ்சின்: சரி வுடு, அவசரமே இல்ல. உனக்கு எப்ப தோணுதோ...

ஜெரி: காலைலயே ஏறிட்டேன்டா. உச்சி வரைக்கும். சூப்பர்வைசர் பக்கத்துல நிக்க, கேபின்ல ஒக்காந்து ஒரு பொட்டிய எறக்கியும் வெச்சுட்டேன். அப்புறம் உன் கடை தெரியுதான்னு தேடினேன்... ராயபுரம் பூரா தெரிஞ்சுது, இது மட்டும் தெரில. அதான் எறங்கினதும் நேரா இங்க வந்தேன். சாராவுக்கே இனிமேதான் சொல்லணும்.