துளை போடாத விரிசல்

அலுமினியம் இரும்பைப் போல இல்லை சார். இரும்பு சூடேறினால் சிவக்கும். எப்போது உருகும் என்று பார்த்தே சொல்லிவிடலாம். அலுமினியம் நிறம் மாறாது. அசந்த நேரத்தில் பொத்தென்று ஒழுகிவிடும். அதனால்தான் காட்டுப்பள்ளிக் கழியோரம் எங்கள் ஷெட்டுக்கு அலுமினியப் படகு எது வந்தாலும் வெல்டிங்குக்கு எட்வர்டைக் கூப்பிடு என்பார்கள். எனக்குப் பொறுமை ஜாஸ்தி.

ஜெகனைக் கொன்றது நான்தான். அதில் உங்களுக்கும் எனக்கும் தகராறு இல்லை. என் தங்கை கிறிஸ்டினாவைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கும் நியாயம் புரியும்.

அம்மா போனபின் அவளை வளர்த்தது நான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கம்பெனி பஸ் வரை நானே கொண்டுபோய் விடுவேன், நானே போய்க் கூட்டிவருவேன். அப்படியிருந்தும் அந்தப் பஸ் நிறுத்தத்தில்தான் ஜெகனைப் பிடித்திருக்கிறாள். துறைமுகத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் சின்னப் படகு ஓட்டுகிறவன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவனைக் கட்டிக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. கல்யாணச் சாப்பாடு மட்டும் சாப்பிடவில்லை.

ஒருநாள் அவள் முழங்கைக்கு மேல் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன்.

"போட்ல ஏறசொல்ல வழுக்கிட்சிண்ணா. அவருதான் கெட்டியா புட்சிக்கினாரு. இல்லாங்காட்டி தண்ணிலதான்" என்று சிரித்தாள்.

அடிவாங்கும் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். அந்த வீட்டில் சண்டைச் சத்தமே கேட்டதில்லை என்றார்கள். எவ்வளவு அழுத்தக்காரனாக இருந்தால் சத்தம் வெளியே வராமல் அடிப்பான், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சமயம் பார்த்து அவன் படகு ஷெட்டுக்கு வந்தது. அடித்தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். சின்ன வேலைதான். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டுவிட்டால் அதற்கு மேல் அது ஓடாது. அப்புறம் சுத்தமாகத் தேய்த்து ஆழமாகப் பற்றவைக்க வேண்டும். நான் துளை போடவில்லை. மேலோட்டமாக ஒரு கோடு பற்றவைத்து, வழவழவென்று தேய்த்து, பெயின்ட் அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கழிக்குள் தாங்கும், முகத்துவாரத்து அலைக்குத் தாங்காது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பற்றவைத்தவன் வெள்ளோட்டத்தில் அந்த இடத்தின் மேலேயே உட்கார்ந்து போக வேண்டும். அவனால் முடியாவிட்டால் அவன் கூடப்பிறந்தவர்கள் யாராவது. அப்போதுதான் படகுக்காரன் நம்பி எடுப்பான். நான் காய்ச்சல் என்று ஷெட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

"நீ இல்லாம எப்டி மச்சான் எடுக்கறது? நாளிக்கு பாத்துக்கலாம், நீ ரெஸ்ட் எடு" என்றான் ஜெகன்.

எனக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த கிறிஸ்டினா குறுக்கே புகுந்தாள். "அண்ணனுக்குப் பதிலா நான் குந்திக்கினு வரேன். எங்கண்ணன் வேலய நானே நம்பலன்னா வேற யாரு நம்புவா?"

அவன் கையைப் பிடித்து அவளை ஏற்றினான். பிடி பலமாகத்தான் இருந்தது, கவனித்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் படகு நின்றிருக்கும். ஆனால் என்னவென்று சொல்வது? என் வேலையை நானே குறை சொன்னால் அப்புறம் ஷெட்டில் எனக்கு என்ன மரியாதை? அவள் கரையைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

முகத்துவாரத்தில் முதல் பெரிய அலைக்கே தகடு வாய் பிளந்தது. முதலாளி பரசுராமன் ஆள் கூப்பிட ரோட்டுப் பக்கம் ஓடினார். நான் மணல்திட்டுக்கு ஓடினேன். காய்ச்சல்காரன் கையில் சுத்தியல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். கைப்பழக்கம் சார்.

ஜெகன் அவளை இழுத்துவந்து மணலில் போட்டிருந்தான். அவளுக்குப் பேச்சுமூச்சில்லை. அவன் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தான், ஓங்கி ஓங்கி. கடைசியில் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். பின்மண்டையில் ஒன்று வைத்தேன். சாய்ந்தான்.

"மச்சான், அவளுக்கு உயிரு இருக்குது, நீ அமுக்கு" என்றான்.

வாய் மூடும்வரை அடித்தேன். நெளிந்த தகட்டை நிமிர்த்தும்போது ஒரே இடத்தில் அடிக்கக் கூடாது, பரவலாக அடிக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான். முகம் அடையாளம் தெரியாமல் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்போது கிறிஸ்டினா இருமினாள். தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண் திறந்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவள் என்னைப் பார்த்தாள், சுத்தியலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஊர்ந்துபோய் அவன் மேல் படுத்துக்கொண்டாள்.

"தொடாத" என்றாள். என்னைப் பார்த்து.

அப்புறம் அழ ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் எனக்குத் தாங்காது. அவனிடமிருந்து பிரித்துத் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் போய் உட்கார்ந்து, அவள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் திமிறினாள். பிறகு சமர்த்தாகிவிட்டாள்.

அவள் கழுத்தில் இருக்கும் விரல் தடம் என்னுடையது என்கிறீர்கள். இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் சார்: என் தங்கையை நான் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை.